கமலாம்பாள் தோளில் போட்ட இரட்டைத் தையல்

ஒரத்தநாட்டில் என் நெல் குடோனுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் ஒரு மரப்பெஞ்சு கிடக்கும். முப்பத்து நான்கு வருடமாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கிழிந்த சாக்குகளைத் தைத்துக் கொடுத்தவள் கமலாம்பாள். இது அவளுடைய கதை. நடுநடுவே நானும் வருவேன். வராமல் முடியாது, ஏனென்றால் அந்தக் குடோனை யார் தயவும் இல்லாமல் உண்டாக்கியவன் நான்.

என் பெயர் மூஸா. பிறந்தது அதிராம்பட்டினம். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. என் வயதுக்காரர்கள் பாதிப்பேர் சவூதி, துபாய் என்று போனார்கள். நான் ஒரு குத்தூசியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி இங்கே வந்தேன். குத்தூசி என்பது மூட்டையைப் பிரிக்காமல் வெளியிலிருந்தே குத்தி, உள்ளே இருக்கும் நெல்லில் ஒரு பிடியை இழுத்துப் பார்க்கிற கருவி. மேலே முத்து முத்தாக நெல்லைப் பரப்பி அடியில் பதரைப் போட்டுக் கட்டுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். நாற்பத்தாறு வருடத்தில் என்னிடம் ஒரு மூட்டைப் பதரை விற்றவன் இந்த வட்டாரத்திலேயே கிடையாது. எதையும் நம்பாமல் இருந்துதான் நான் மேலே வந்தேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

கமலாம்பாளையும் நான் நம்பி வேலைக்குச் சேர்க்கவில்லை. அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. புருஷன் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இடுப்பில் பையன் ராஜ்குமார், கையில் சொந்தமாக ஒரு கோணி ஊசி. சொந்த ஊசியோடு வேலை கேட்டு வருகிற ஆளை எந்த மண்டியிலிருந்து விரட்டினார்களோ என்று எனக்குச் சந்தேகம். இருந்ததிலேயே மோசமான சாக்காகப் பார்த்து எடுத்துப் போட்டேன். அவள் உடனே ஊசியில் சணலைக் கோக்கவில்லை. கிழிசலின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

“இத்துப்போன துணிங்க. ஓரத்துல தைச்சா நூல் நிக்கும், துணி பிச்சுக்கும்” என்றாள்.

ஓரத்தை மடித்து, நான்கு விரல் உள்ளே தள்ளி, ஒன்றுக்கு இரண்டு வரிசையாகத் தைத்தாள். எங்கள் குடோனில் ஒரு சட்டம் உண்டு, நான் போட்டது. தைத்த சாக்கை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து வெடுக்கென்று சுண்ட வேண்டும். தையல் நின்றால்தான் அதில் நெல் ஏறும். ஒரு முனையை நான்தான் பிடிப்பேன். கூலியாட்களிடம் விட்டால் இழுத்த மாதிரி பாவனை பண்ணிவிட்டுப் போவார்கள். அன்றைக்கு என் பலம் முழுவதையும் கொடுத்துச் சுண்டினேன். தையல் அசையவில்லை. அன்றிலிருந்து ஒரு முனை அவள், ஒரு முனை நான்.

வாய் மட்டும் கொஞ்சம் நீளம். சாக்கு ஏன் இப்படிக் கிழிகிறது என்று நான் சத்தம் போட்டால், “நான் அடைக்கிற ஓட்டையில பாதி உங்க குத்தூசி போட்ட ஓட்டை பாய்” என்பாள்.

போன வருடம் புரட்டாசியில் குறுவை நெல் வந்து குவிந்துகொண்டிருந்த நேரம். தைத்த சாக்குகளைக் கட்டாகக் கட்டி, அடுக்கி வைத்த மூட்டை அட்டியின் மேல் வீசிப் போடுவது அவள் வழக்கம். அன்றைக்கு வீசியபோது தோளுக்குள் பழைய வேட்டி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

எனக்குக் காட்டிக்கொடுத்தது அவளுடைய கொண்டை. அவள் பெருமைப்பட்டுக்கொள்கிற ஒரே பொருள் அதுதான். தலைக்குப் பின்னால் உயரத்தில் விளாம்பழம் மாதிரி உருட்டிச் சொருகியிருப்பாள். சாயங்காலம் வரை ஒரு முடி பிரியாது. புரட்டாசிக் கடைசியில் அந்தக் கொண்டை கீழே இறங்கிவிட்டது. வேறு யாரோ போட்ட கொண்டை என்று பார்த்ததுமே தெரிந்தது. காலையில் வருவதும் தாமதம். சாக்குக் கட்டுகளை மற்றவர்களை விட்டு ஏற்றச் சொன்னாள். எனக்கு ஒன்றும் ஒன்றும் சேர்ந்துவிட்டது: விடிகாலையில் வேறு மண்டிக்குப் போய்த் தைத்துக் கொடுத்துவிட்டு, களைத்துப்போய் என்னிடம் வருகிறாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு என் வண்டியைச் சத்தம் வராமல் தள்ளிக்கொண்டு அவள் தெருமுனையில் போய் நின்றேன். கமலாம்பாள் வாசற்படியில் உட்கார்ந்திருக்க, பக்கத்து வீட்டுத் தங்கமணி அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் செத்த மீன் மாதிரி கிடந்தது. என்னை அவள் பார்த்துவிட்டாள்.

“என்ன பாய், என் தலையில நெல்லு இருக்கான்னு பார்க்க வந்தீங்களா?”

கையைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். மார்புக்கு மேல் வரவில்லை.

செய்தி திருப்பூருக்குப் போய், அங்கே பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ராஜ்குமார் வந்துவிட்டான். என் குடோனில் நெல் மேல் உருண்டு வளர்ந்தவன், என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். ஒற்றைக் கையோடு தனியாக இருக்க வேண்டாம், வீட்டைப் பூட்டிவிட்டுத் என்னோடு வந்துவிடு என்று அம்மாவிடம் சொன்னான். அவள் அங்கே ஒரு தடவை போய் நான்கு நாள் இருந்திருக்கிறாள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. அங்கே வாசலே கிடையாது, படிதான் இருக்கிறது என்று திரும்பி வந்தவள். அவளுடைய வீட்டை ஒட்டிப் புதிய ரோடு வரப்போகிறது, இடம் விலை ஏறும் என்று ஊரில் பேச்சு. பையனுடைய பாசத்தில் அந்த ரோடும் கலந்திருக்கும் என்று நான் நினைத்தேன்.

தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். டாக்டர் ஜெயபாரதி என்று ஒரு அம்மா, நாற்பது வயது கூட இருக்காது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தோள் எலும்போடு ஒட்டியிருக்கிற தசைநார் பிய்ந்து விலகிவிட்டது என்றார். முதலில் ஒரு மாதம் பயிற்சி செய்து பார்க்கச் சொன்னார். பல பேருக்கு அதுவே போதுமாம். கமலாம்பாள் ஒழுங்காகச் செய்தாள். வலி குறைந்தது, கை ஏறவில்லை. திடீரென்று பிய்ந்தது என்பதால் இன்னும் தள்ளிப்போட்டால் நார் சுருங்கிவிடும், ஆபரேஷன் செய்து எலும்பில் வைத்துத் தைக்கலாம் என்றார்.

“ஆனா ஒண்ணு, மறைக்க மாட்டேன். இந்த வயசுல தைச்சது திரும்ப விட்டுப்போறதும் உண்டு. ஆறு வாரம் கையை அசைய விடாத பெல்ட்டைக் கழட்டாம இருந்தாத்தான் ஒட்டும். முழுசா கை வர ஆறு மாசம்கூட ஆகலாம்.”

சரக்கின் சின்னக் குறையைத் தானாகவே சொல்கிறவன் பெரிய குறையை மறைக்கிறான் என்பது வியாபாரத்தில் நான் கற்றது. ராஜ்குமாரைப் பார்த்தேன். அவனுக்கு வேறு கணக்கு. மாசி கடைசி வரைதான் பார்ப்பேன், அதற்குள் கை சரியாகாவிட்டால் திருப்பூர் வந்துவிட வேண்டும் என்று அம்மாவிடம் கெடு வைத்தான்.

“சரியாகிறதுன்னா எது? என் கொண்டையை நானே போட்டுட்டா சரியாச்சுன்னு அர்த்தம். போட முடியலைன்னா நீ கூப்பிடுற இடத்துக்கு வரேன்” என்றாள் கமலாம்பாள். டாக்டர் முன்னாலேயே பேச்சு முடிந்தது.

கார்த்திகை முதல் வாரம் ஆபரேஷன் ஆயிற்று. இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்க்கப் போனேன். தோளில் மூன்று சின்ன பிளாஸ்திரி. அவ்வளவுதான். ஒரு பெரிய கீறல் கிடையாது. இடுப்புக்கும் கைக்கும் நடுவே ஒரு குட்டித் தலையணை வைத்த பெல்ட்டை மாட்டியிருந்தார்கள். என் குத்தூசி போடுகிற ஓட்டை இதைவிடப் பெரியது. அதன் வழியாக ஒரு பிடி நெல் வரும். அதன் வழியாக உள்ளே போய்த் தைக்க முடியுமா? மூன்று ஓட்டை போட்டு, மூன்று பிளாஸ்திரி ஒட்டி, காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன்.

ராஜ்குமாரிடம் சொன்னபோது அவன் போனில் ஒரு வீடியோ காட்டினான். ஆஸ்பத்திரியில் கொடுத்ததாம். உள்ளே கேமரா விட்டு, அதைப் பார்த்துக்கொண்டே தைப்பார்களாம். அந்தச் சின்னத் திரையில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. ஓரத்தில் அம்மா பெயரும் தேதியும் இருக்கிறதே மாமா என்றான். சாக்கில் கட்டுகிற சீட்டை ஒரு நிமிஷத்தில் மாற்றிக் கட்டலாம் என்பது எனக்குத் தெரியும். யாருடைய தோளோ, யாருடைய பெயரோ. கமலாம்பாள் கண்ணாடி இல்லாமல் அதைப் பார்க்கவே இல்லை. ஆனால் நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மார்கழி பிறந்தது. ஆபரேஷன் முடிந்து நாலாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. குடோனில் அவள் பெஞ்சில் தங்கமணி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கமலாம்பாளைப் பார்க்கப் போனேன். தனியாக இருந்தாள். பெல்ட்டைத் தடவிக்கொண்டே பேசினாள்.

“உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியல பாய். தைச்சவங்க ஒருத்தர். சுமக்குறவ நான்.”

“நம்ம குடோன்ல சுண்டிப் பார்க்காம ஒரு சாக்காச்சும் வெளிய போயிருக்கா?” என்று கேட்டேன்.

வாசலில் கால் துடைக்க ஒரு பழைய சாக்குக் கிடந்தது. அதை அவள் கண்ணால் காட்டினாள். “எடுங்க.”

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் எழுதிவிடுகிறேன். பெல்ட்டை அவள் கழற்றினாள், கொக்கியை விடுவித்தவன் நான். வலது கையால் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை நான் பிடித்தேன். மெதுவாகத்தான் இழுத்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் கை மெதுவாக இழுத்துப் பழகிய கை இல்லை. முப்பத்து நான்கு வருடம் சுண்டிய மாதிரியே சுண்டிவிட்டது.

அவள் முகம் வெளுத்தது. சாக்கை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். “தைச்சுத்தான் இருக்காங்க பாய்” என்றாள்.

அன்று மத்தியானமே கார் வைத்துத் தஞ்சாவூர் போனோம். வழி முழுக்க எனக்கு ஒரே யோசனை, இவள் டாக்டரிடம் என்னைக் காட்டிக்கொடுப்பாளா என்று. டாக்டர் என்ன நடந்தது என்று கேட்டார். காற்றில் கதவு அடித்தது, பிடிக்கப் போனேன் என்றாள் கமலாம்பாள். டாக்டர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். வெளி வரிசைத் தையல் பக்கம் கொஞ்சம் விலகியிருக்கிறது, உள் வரிசை பிடித்திருக்கிறது என்றார் டாக்டர். திரும்ப ஆபரேஷன் இப்போது வேண்டாம், ஆனால் பெல்ட் ஆறு வாரம் முதலிலிருந்து. ஒட்டுமா ஒட்டாதா என்று அவர் உறுதி சொல்லவில்லை.

கமலாம்பாள், அந்த வீடியோவைக் காட்ட முடியுமா என்று கேட்டாள். டாக்டர் மேஜையில் இருந்த பெரிய கம்ப்யூட்டரில் போட்டார். இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் பார்த்தாள். நார் நாராகப் பிரிந்து, தண்ணீரில் ஊறின பழைய சாக்கு மாதிரி ஏதோ ஆடியது. அதற்குள் நீல நூல் ஒன்று போய் வந்தது.

“ஓரத்துல இருந்து எத்தனை விரல் தள்ளித் தைச்சிருக்கீங்க?”

டாக்டர் சிரித்தார். “விரல் கணக்கு இல்லம்மா, அதைவிடச் சின்னது. ஆனா ஓரத்துல போட்டா பிய்ச்சுக்கிட்டு வந்துடும்னு உள்ள தள்ளித்தான் போட்டோம். ஒரு வரிசை போதாதுன்னு ரெண்டு.”

கமலாம்பாள் என் பக்கம் திரும்பினாள். “பார்த்தீங்களா பாய். நான் தைச்சாலும் இப்படித்தான் தைப்பேன். இதைவிட மோசமான சாக்கை நீங்ககூட எனக்குக் கொடுத்ததில்ல.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏமாற்றுகிறவன் நல்ல மாதிரியைத்தான் காட்டுவான். என் நாற்பத்தாறு வருடத்தில் பதரைக் கொண்டுவந்து மாதிரி என்று காட்டினவன் ஒருவன் கூட இல்லை. இந்த டாக்டர் அம்மா இத்துப்போனதை இத்துப்போனதாகவே காட்டியிருக்கிறார். அது கமலாம்பாள் தோள்தான். நெல்லில் இதை ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பேன். தோளில் கண்டுபிடிக்க அதைச் சுண்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

கிளம்பும்போது டாக்டர், தையலைச் சோதிக்கிறது இனிமேல் தன்னுடைய வேலை என்றார். பொதுவாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. கதவுக் கதையை அவர் நம்பவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

தை பாதி வரைக்கும் பெல்ட். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி சொல்லித் தருகிற அஃப்ரீன் என்கிற பெண் ஒரு வேலை கொடுத்தாள். சுவரில் விரலை வைத்துப் பல்லி மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்ற வேண்டும். எட்டின இடத்தில் தங்கமணி தினமும் கரிக்கோடு போடுவாள். கோடுகள் வேகமாக ஏறுகிற மாதிரி இருந்தது. கமலாம்பாளைச் சந்தோஷப்படுத்தத் தங்கமணி கோட்டை உயர்த்திப் போடுகிறாளோ என்று நான் டேப் வைத்து அளந்தேன். கோடு சரியாகத்தான் இருந்தது. ஆனால் மாசி கடைசியில் அது கன்னத்து உயரத்தில் நின்றுவிட்டது. கன்னத்தில் கொண்டை போட முடியாது.

சொன்ன தேதிக்கு ராஜ்குமார் காரோடு வந்தான். இறங்கியதும் வாசலில் நின்று வீட்டைப் போனில் படம் எடுத்தான். விற்கத்தான் என்று எனக்குப் பட்டது. தன் மகளுக்குக் காட்ட என்றான். இருக்கலாம். அம்மாவின் கையைப் பார்த்தவன் கொதித்துப்போனான். டாக்டர் கெடுத்துவிட்டார், ஆஸ்பத்திரி மேல் புகார் எழுதப்போகிறேன், நீ துணிமணியை எடுத்து வை என்றான். கமலாம்பாள் வாதாடவில்லை. வார்த்தை கொடுத்தவள். இடது கையால் அலமாரியிலிருந்து சேலைகளை எடுத்துக் கட்டிலில் வைக்க ஆரம்பித்தாள். என் பக்கம் ஒரு தடவை கூடத் திரும்பவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை.

“தம்பி, டாக்டர் மேல தப்பு இல்ல. நாலாவது வாரத்துல பெல்ட்டைக் கழட்ட வச்சு கையைப் புடிச்சு இழுத்தது நான்” என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. “ஏன் மாமா?”

“உள்ள தைச்சிருக்காங்களான்னு பார்க்க.”

அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். கதவு என்றல்லவா சொன்னாய் என்று அம்மாவைக் கேட்டான்.

“கதவுதான். மூஸா பாய்னு ஒரு கதவு” என்றாள் அவள், சேலையை மடித்துக்கொண்டே.

வியாபாரத்தில் நான் யாரிடமும் கெடு தள்ளிக் கேட்டது கிடையாது. என்னிடம்தான் கேட்பார்கள். அன்றைக்கு, என் கண் முன்னால் தவழ்ந்த பையனிடம் நின்றுகொண்டு கேட்டேன். இரண்டு மாதம் நான் கெடுத்தது, அந்த இரண்டு மாதத்தைத் திருப்பிக் கொடு, சித்திரை வரை பொறு, என் தப்புக்கு இவள் வீட்டை விடக் கூடாது என்றேன். டாக்டரே ஆறு மாதம் ஆகலாம் என்று சொன்னதையும் ஞாபகப்படுத்தினேன். அவன் மனதில் ரோடு இருந்ததா, அம்மா இருந்தாளா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. கடைசியில் காரைத் திருப்பி அனுப்பிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தான்.

பங்குனி முழுக்க அந்தச் சுவர்தான். சித்திரை கடைசி ஞாயிற்றுக்கிழமை அவன் மறுபடி வந்தான். கமலாம்பாள் குளித்துத் தலையை விரித்துக்கொண்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். உதவப் போன தங்கமணியை உட்காரச் சொல்லிவிட்டாள். இடது கையால் முடியை அள்ளித் திரித்தாள். வலது கை காதுவரை வந்தது, அதற்கு மேல் ஏறவில்லை. உடனே அவள் தலையை வலது பக்கமாகச் சாய்த்துக் குனிந்தாள். கை எட்டாத மீதியைத் தலை இறங்கி வந்து கொடுத்தது. விரல்கள் முடியைச் சுற்றின, சொருகின. எழுந்து நின்று தலையை ஆட்டிக் காட்டினாள். பிரியவில்லை.

ராஜ்குமார் சுற்றி வந்து பார்த்தான். “பழைய இடத்துல இல்லையேம்மா. காதுக்குப் பின்னால இருக்கு.”

“கொண்டை போடணும்னுதான் பேச்சு. எந்த இடத்துலன்னு பேசினோமா?”

அவன் சிரித்துவிட்டான். சாயங்காலம் தனியாகத்தான் திருப்பூர் பஸ் ஏறினான். ரோடு வந்த பிறகு என்ன சொல்வானோ தெரியாது.

வைகாசியிலிருந்து கமலாம்பாள் குடோனுக்கு வருகிறாள். கட்டுகளை வீசுவதில்லை. தங்கமணியும் இன்னொரு பெண்ணும் தைக்கிறார்கள். இவள் பெஞ்சில் உட்கார்ந்து ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்து, எத்தனை விரல் தள்ளுவது என்று சொல்கிறாள். முதல் நாள் தைத்த சாக்கு வந்ததும் பழக்கத்தில் நான் எழுந்து போய் ஒரு முனையைப் பிடித்தேன்.

“விடுங்க பாய். தங்கமணி, நீ வந்து புடி” என்றாள்.

நான் குத்தூசியை எடுத்துக்கொண்டு நெல் மூட்டைகள் பக்கம் போனேன். அங்கே போய்ச் சேருகிற வரைக்கும் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு பெண்களையும் சுண்டச் சொன்னாள்.